தொட்டிக்கு மருந்து போட்டாச்சா?

டிரைவருக்குத் தன் மூக்கின் மேல் அபார நம்பிக்கை. கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்த நம்பிக்கை இன்னும் ஒரு படி ஏறியிருந்தது. இன்று அந்த மூக்கே அவர் காலை வாரிவிட்டது.

வண்டிக்குள் குனிந்து நுழைந்து, கைக்கு அடக்கமான அந்தச் சமையல் மேடையின் குழாயைத் திறந்தார். பம்பு கடகடவென்று இருமியது. குழாயிலிருந்து கொஞ்சம் காற்று வந்தது, பிறகு இரண்டு சொட்டு வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. ப்ளீச் வாடை மருந்துக்குக்கூட இல்லை.

"இதென்னடா கூத்து! தொட்டி நிறைய விட்டுட்டுத்தானே போனேன்?"

யாரைக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது. வண்டியில் அவரைத் தவிர ஆள் இல்லை.

வாராவாரம் இந்தக் கதையோடு கூடவே வருகிறவர்களுக்கு இந்த வண்டியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். டிரைவர் ஆயுள் முழுக்க டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவள். தெருவுக்கே டீச்சர் என்பதால் கட்டியவருக்கும் டீச்சர்தான். டீச்சரின் இரண்டு கிட்னியும் கையை விரித்தபோது, எத்தனையோ வருடமாக முகம் கொடுத்துப் பேசாத தங்கை ஆஸ்பத்திரிக்கு வந்து தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். கொடுத்தவள், அக்கா கண் விழித்து எழுந்து உட்காருவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

எதற்காக அந்தப் பழைய சண்டை என்று கேட்டால், அக்காவுக்கு ஒரு காரணம் ஞாபகம் இருக்கிறது, தங்கைக்கு வேறொரு காரணம் ஞாபகம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு முழுச் சண்டைக்குக் காணாது.

அந்தத் தங்கை, சின்னவள், சென்ற வாரம் தன் கணவர் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "வரச் சொல்லுங்க" என்று. அவ்வளவுதான் செய்தி.

டீச்சர் அன்று முழுக்க அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதை டிரைவர் தன் தலைமேல் போட்டுக்கொண்டார். ஆனால் டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வெளி ஓட்டலில் தங்கக் கூடாது, கண்ட இடத்துத் தண்ணீர் கூடாது. மற்றவர்களுக்கு வயிற்றுவலியோடு போகிற கிருமி, டீச்சருக்கு அந்தக் கிட்னியையே கொண்டுபோய்விடும்.

அதற்காக வந்ததுதான் இந்த வீட்டு வண்டி. படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே உண்டு. ஒரு கல்யாண போட்டோகிராபர் மரத்தடியில் வருடக்கணக்கில் நிறுத்திவைத்து மறந்த வண்டி. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மருமகள் இதற்கு வைத்திருக்கும் பெயர், "மாமாவோட சின்ன வீடு."

நாளை விடிந்ததும் கிளம்ப வேண்டும். இன்று தொட்டியைச் சுத்தம் செய்து முடிக்க வேண்டும். தொட்டியோ வெறும் தொட்டியாக நிற்கிறது.

டிரைவர், வண்டியின் பின்பக்கம் இருந்த நீள இருக்கையின் மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். அதற்கு அடியில்தான் தொட்டி. ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கைப்பிடி. குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது, நேராக இருந்தால் திறந்திருக்கிறது. திறந்தால் தண்ணீர் முழுக்க வண்டிக்கு அடியில் ஓடிப் போய்விடும்.

கைப்பிடி நேராக இருந்தது.

"மூடினேனே? மூடினேனா?"

நினைவுபடுத்திப் பார்த்தார். காலையில் பழைய தண்ணீரை எல்லாம் வடித்தார். ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, அதில் இருந்ததையும் வடித்தார். ஃபில்டரைக் கழற்றி வைத்தார். கைப்பிடியை மூடினார். மூடினார் என்றுதான் நினைவு. பிறகு ஒரு பக்கெட் தண்ணீரில் ப்ளீச்சைக் கலந்து, வண்டியின் பக்கவாட்டில் இருந்த வாய் வழியாக ஊற்றி, தோட்டத்துக் குழாயைச் சொருகித் தொட்டி வழியும் வரை நிரப்பினார். ஒவ்வொரு குழாயாகத் திறந்து, சுடுதண்ணீர்ப் பக்கம், பச்சைத் தண்ணீர்ப் பக்கம், கை ஷவர், எல்லாவற்றிலும் ப்ளீச் வாடை வரும்வரை ஓடவிட்டு மூடினார். அது அப்படியே மாலை வரை ஊற வேண்டும். பிறகு வடித்து, நல்ல தண்ணீர் விட்டு, வாடை போகும்வரை அலச வேண்டும். ஊறட்டும் என்று விட்டுவிட்டு, புது ஃபில்டர் வாங்கக் கடைக்குப் போய்வந்தார்.

ஆக, மூடியிருக்கத்தான் வேண்டும். மூடாவிட்டால் தொட்டி எப்படி நிரம்பும்?

நிரம்பியதா? வழிந்ததைப் பார்த்தாரே. அல்லது அது குழாயின் வாயில் தெறித்த தண்ணீரா? ஆபரேஷன் ஆன கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, இன்னொரு கண்ணில் மங்கல். எதைப் பார்த்தோம், எதைப் பார்த்ததாக நினைத்தோம் என்று பிரிக்க முடியவில்லை.

வயதாகிறது என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. அது பிடிக்கவில்லை.

ப்ளீச் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். தீர்ந்துவிட்டிருந்தது. மருமகளுக்குப் போன் போட்டார்.

"என்ன மாமா, சீக்கிரம் சொல்லுங்க, கடையில கூட்டம்."

"மருந்து தீர்ந்துபோச்சும்மா. மறுபடியும் முதல்லேருந்து போட வேண்டியிருக்கு."

"மறுபடியுமா? காலையில போட்டாச்சே!"

"போட்டது எல்லாம் வெளியே வந்துடுச்சு."



"ஐயையோ! வாந்தியா?"

"வாந்தி என்ன வாந்தி? கீழ் வழியா போயிடுச்சு. நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள மொத்தமும் காலி."

"மாமா, பதறாதீங்க. படுக்க வைங்க. நானே டாக்டருக்குப் போன் பண்றேன். நீங்களா எதையும் மறுபடி குடுத்துடாதீங்க. போன வாரம்தான் அளவை ரெண்டு மடங்காக்கியிருக்காங்க, அதுல இது வேறயா!"

"ரெண்டு மடங்கா? யாரும்மா?"

"டாக்டர்தான்."

"டாக்டருக்கு என் தொட்டியைப் பத்தி என்ன தெரியும்?"

"எந்தத் தொட்டி?"

"வண்டித் தொட்டிம்மா! ப்ளீச் கேக்குறேன்!"

மருமகள் சிரித்த சிரிப்பில் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். "மாமா! ஒரு நிமிஷத்துல என் உயிரே போயிடுச்சு. ப்ளீச்னு சொல்லக் கூடாதா? இந்த வீட்ல மருந்துன்னா எதைன்னு எடுத்துக்கறது? உங்க கண்ணுக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒரு டப்பா, இப்போ உங்க சின்ன வீட்டுக்கும் மருந்தா?"

டிரைவரும் சிரித்தார். வாசனை சேர்க்காத ப்ளீச்சாகப் பார்த்துக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வந்தது. மறுபடி கலந்தார், ஊற்றினார், தோட்டத்துக் குழாயைச் சொருகினார். கைப்பிடியை மூடியதை இந்தத் தடவை கையால் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

தொட்டி நிரம்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் அவருக்கு அது உறைத்தது. தொட்டி விஷயம் தெளிவாகிவிட்டது, சரி. ஆனால் டாக்டர் எதை ரெண்டு மடங்காக்கினார்?

வீட்டுக்குள் டீச்சர் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கினாள் என்று சொல்வதைவிட, அடுக்கியதை எடுத்து வெளியே வைத்தாள் என்று சொல்லலாம்.

"டீச்சர், உன் மருந்தைக் கூட்டியிருக்காங்களாமே?"

அவள் நிமிரவில்லை. ஒரு துண்டை நான்காக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அதுவா? பிரயாணம் போறோம்ல, அதுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. உங்ககிட்ட சொன்னேனே?"

"சொன்னியா?"

"சொன்னேன். நீங்கதான் எந்நேரமும் அந்தத் தொட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருக்கீங்க. காதுல எங்க விழுது?"

இருக்கலாம். கைப்பிடியை மூட மறக்கிற ஆளுக்கு இது மறக்காதா? டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார்.

மதிய இடைவேளையில் மகன் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு வாசலிலேயே நின்று வண்டியைப் பார்த்தான். இந்தப் பயணம் அவனுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

"அப்பா, நான் சொன்னா கோவிச்சுக்குவீங்க."

"அப்போ சொல்லாதே."

"அம்மாவை இந்தத் தகர டப்பாவுல வெச்சு, இந்தக் கண்ணோட அவ்வளவு தூரம் கொண்டுபோகணுமா? நடுவழியில ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"அதுக்குத்தானடா இத்தனை சுத்தம் பண்றேன்! இந்தத் தொட்டித் தண்ணியை நான் கண்ணை மூடிக்கிட்டுக் குடிப்பேன்."

"நீங்க குடிப்பீங்க. உங்களுக்கு எதைக் குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. அம்மா குடிக்கணுமே?"

 அந்தப் பயம் டிரைவருக்கும் இருந்தது. தொட்டியில் முதல் நாள் வடித்த தண்ணீரின் நிறம் அவருக்குத்தான் தெரியும். ஆறிப்போன டீ மாதிரி வந்தது. உள்ளே விரலை விட்டால் வழவழவென்று பாசி. அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மகன் தன் ஸ்பேனரைத் தேடி வண்டிக்குள் ஏறினான், எடுத்துக்கொண்டு இறங்கினான். பிறகு போனை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பக்கம் போனான். டிரைவர் உள்ளே போய் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ஊறுகிறதா என்று பார்க்கலாமே என்று குழாயைத் திறந்தார்.

பம்பு இருமியது.

மெத்தையைத் தூக்கினார். மஞ்சள் கைப்பிடி நேராக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

இந்தத் தடவை அவர் தன்னைச் சந்தேகப்படவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கி, தெருமுனையிலிருந்து வந்துகொண்டிருந்த மகனை நடுத்தெருவிலேயே மறித்தார்.

"ஏன்டா, வாய் இருக்கில்ல? வேண்டாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலையேன்! இப்படித் திருட்டுத்தனமா திறந்து விடுவியா?"

"எதைத் திறந்து விட்டேன்?"

"தொட்டியை!"

"நான் எதுக்குப்பா தொட்டியைத் தொடறேன்?"

"ஸ்பேனர் எடுக்க ஏறினது யாரு? உன்னைத் தவிர யாரு இந்தப் பயணத்தை வேண்டாம்னு சொன்னா? காலையிலேயும் நீதான்!"

"காலையில நான் பத்தாவது மாடியில லிஃப்ட்டுக்கு மேல நின்னுக்கிட்டு இருந்தேன். அங்கேருந்து கையை நீட்டித் திறந்தேன்னு சொல்லுங்க!"

பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். டிரைவர் அவரை முறைத்த முறைப்பில் ஜன்னல் சாத்திக்கொண்டது.

மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்குத் தெரியாம நான் ஒரு காரியம் பண்ணினேன்தான். இல்லேங்கலை. ஆனா அது இது இல்லை. அம்மா நல்லதுக்குத்தான் பண்ணியிருக்கேன். சாயங்காலம் வந்து சொல்றேன், இப்போ சொன்னா நீங்க காது குடுத்துக் கேக்க மாட்டீங்க."

"என்னடா பண்ணினே?"

அவன் தன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

டிரைவர் நடுத்தெருவில் நின்றார். தொட்டியை இவன் திறக்கவில்லை என்றால் யார் திறந்தது? இவன் வேறு என்ன செய்து தொலைத்தான்? டாக்டர் எதை ரெண்டு மடங்காக்கினார்? ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடிக்கலாம் என்று பார்த்தால், ஆளுக்கொரு முடிச்சைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 

டீச்சர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு அவன்கிட்ட கத்துறீங்க? வால்வு பழசா இருக்கும். தானா திறந்துக்குதோ என்னவோ."

"தானா திறக்கிற வால்வை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்லை."

"விடுங்களேன். ரெண்டு மூணு நாள் தள்ளிப் போனா என்ன குடியா முழுகிடும்?"

டிரைவர் அவளையே பார்த்தார். செய்தி வந்த புதிதில் 'எப்போ கிளம்பறோம், எப்போ கிளம்பறோம்' என்று அவரைத் துளைத்தெடுத்தவள் இவள்தான். தங்கைக்கு என்று தானே உட்கார்ந்து ஒரு சட்டை தைத்து முடித்தவள். அளவு எடுக்காமலே, அவள் முதுகு எனக்குத் தெரியும் என்று சொல்லித் தைத்தவள்.

"உன் தங்கச்சி வரச் சொல்லியிருக்கா. மறுபடி மனசு மாறிட்டான்னா?"

"மாறட்டும்," என்றாள் டீச்சர். உடனே, "அப்படி இல்லை... வெயிலா இருக்கே, உங்க கண்ணுக்கு ஆகாதேன்னு சொன்னேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது முறையாக டிரைவர் ப்ளீச்சைக் கலந்தார். இடுப்பு விண்ணென்று தெறித்தது. இந்தத் தடவையும் போனால் இன்றைக்கு ஊறவைக்க நேரம் இல்லை. அலசாத தொட்டியோடு டீச்சரை ஏற்றவும் முடியாது. கதை கந்தலாகிவிடும்.

தொட்டி நிரம்பியது. ஒவ்வொரு குழாயிலும் வாடை வரும்வரை விட்டார். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசலில் நின்று, "நான் கொஞ்சம் கடைத்தெரு வரை போயிட்டு வர்றேன்!" என்று குரல் கொடுத்தார். செருப்புச் சத்தம் கேட்கத் தெருப் பக்கம் போனார். அப்படியே வண்டியின் மறுபக்கம் சுற்றி வந்து, முன் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறிப் பின்னால் இருந்த திரையை இழுத்து விட்டுக்கொண்டார்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிற நேரமும் வந்திருந்தது. காவலுக்குக் காவல், மருந்துக்கு மருந்து. இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். மருந்து போட்டால் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கக் கூடாது. பரவாயில்லை, காது இருக்கிறது.

பின் கதவு மெதுவாகத் திறந்தது.

யாரோ ஏறினார்கள். வண்டி லேசாக ஆடி நின்றது. மெத்தையைத் தூக்குகிற சத்தம். ஒரு பெருமூச்சு. பிறகு 'டக்.' வண்டிக்கு அடியில் தண்ணீர் சோவென்று கொட்டத் தொடங்கியது.

"பிடிச்சேன்டா உன்னை!" என்று கத்திக்கொண்டே டிரைவர் திரையை விலக்கினார்.

கண்ணைத் திறந்ததும் மருந்து எரிந்தது. எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. மகனின் உயரம் இல்லை. மெத்தையை ஒரு கையால் பிடித்தபடி, மறு கை இன்னும் கைப்பிடியின் மேல் இருக்க, மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது டீச்சர்.

"நீயா?"

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"மூணு தடவையும் நீயா?"

"கண்ணை மூடுங்க. மருந்து போட்டிருக்கீங்க இல்ல?"

"என் கண்ணு கெட்டுப் போகட்டும்! என்ன டீச்சர் இது? அவன்மேல பழியைப் போட்டு நடுத்தெருவுல நிறுத்தி... என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டியே! மறதி வந்துடுச்சோன்னு பயந்துபோயிட்டேன் தெரியுமா?"

தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. அவரும் மூடவில்லை, அவளும் மூடவில்லை.

"போக வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? நானே போகணும் போகணும்னு நச்சரிச்சேன். நீங்க இந்த வண்டியை வாங்கி, இடுப்பொடிய அதைத் தேய்ச்சுக் கழுவி... எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"சின்னவளைப் பார்க்கப் பயமா இருக்கா? பழசையெல்லாம் அவ மறந்திருப்பா. நான் பேசிக்கறேன்."

டீச்சர் தலையை ஆட்டினாள். மெத்தையை மெல்லக் கீழே விட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரத்தத்துல உப்பு ஏறியிருக்கு."

டிரைவருக்குப் புரியவில்லை. அல்லது புரிந்துவிட்டது, புரியாமல் இருக்கக் கொஞ்சம் முயற்சி செய்தார்.

"எவ்வளவு?"

"எவ்வளவா இருந்தா என்ன? ஏறியிருக்கு. உடம்பு அவ கிட்னியை ஏத்துக்க மாட்டேங்குதோன்னு டாக்டருக்குச் சந்தேகம். அதுக்குத்தான் மருந்தை ரெண்டு மடங்காக்கினார். மருமககிட்டயும் பிரயாணத்துக்குன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். நாளன்னைக்கு மறுபடியும் டெஸ்ட். அதுல இறங்கியிருந்தா பிழைச்சேன்."

"என்கிட்ட சொல்லாம..."

"உங்களைப் பார்த்தேன். பழைய துணியைச் சுத்திக்கிட்டு இந்தத் தொட்டிக்குள்ள கையை விட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தீங்க. பாட்டு வேற. சொன்னா அந்தப் பாட்டு நின்னுபோயிடும்னு தோணிச்சு. சொல்லலை."

டிரைவருக்கு முதலில் கோபம்தான் வந்தது என்று பின்னால் யாரிடமாவது சொல்லிக்கொள்வார். உண்மையில் முதலில் அழுகைதான் வந்தது. இத்தனை நாள் தண்ணீருக்குள் ஒரு கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் அதைவிடப் பெரிய பயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு எதிரே நின்று துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் திட்டவும் மனம் வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணைத் துடைக்காதீங்க, கை அழுக்கு," என்றாள் அவள்.

"போ டீச்சர்."

டீச்சர் முந்தானையால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"பழைய சண்டைக்கெல்லாம் நான் பயப்படலைங்க. அதுக்கு அவ கால்ல விழச் சொன்னாலும் விழுவேன். இது வேற. அவ தன் வயித்தை அறுத்து எடுத்துக் குடுத்தா. எனக்கு அதைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியலைன்னு அவ முன்னால போய் நின்னு எப்படிச் சொல்வேன்? 'நல்லா இருக்கேன்'னு பொய் சொல்லவும் வராது. ஒரு தடவையாவது நல்லா இருந்துகிட்டு அவளைப் பார்க்கணும். டெஸ்ட் வரட்டும். இறங்கியிருந்தா அன்னைக்கே போகலாம். அதுவரைக்கும் அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம்."

"இறங்கலைன்னா?"

"அப்போ அவளுக்குத் தெரியவே வேண்டாம்."

அது சரியா தப்பா என்று டிரைவருக்குத் தெரியவில்லை. கொடுத்தவளிடம் மறைக்கலாமா? மறைக்காமல் சொல்லி அவளையும் நோகடிக்கலாமா? பஸ் ஓட்டியபோது இந்தக் கஷ்டம் இருந்ததில்லை. எங்கே போக வேண்டும் என்று நெற்றியில் போர்டு மாட்டியிருக்கும், போனால் போதும்.

"சரி. நாலு நாள் கழிச்சு வர்றோம்னு அவ வீட்டுக்காரருக்குச் சொல்லிடறேன். வண்டியில கோளாறுன்னு சொல்லிக்கலாம். டெஸ்ட்டுக்கு நான் கூட வருவேன். அதை மட்டும் தடுக்காதே."

டீச்சர் தலையசைத்தாள். பல நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டவள் மாதிரி அவர் தோளில் சாய்ந்தாள். அடியில் தொட்டி காலியாகி, தண்ணீர் சொட்டுச் சொட்டாகி, நின்றது.

வாசலில் மகனின் பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பின் கதவை முழுக்கத் திறந்துகொண்டு அவன் எட்டிப் பார்த்தான். மதியம் போன முகம் இல்லை இது. வாயெல்லாம் பல்.

"ரெண்டு பேரும் இங்கேதான் இருக்கீங்களா? அப்பா, இனிமே தொட்டியும் வேண்டாம், குழாயும் வேண்டாம். அம்மா எங்கேயும் போக வேண்டாம்."

"என்னடா சொல்றே?"

"மதியம் கேட்டீங்களே, என்ன பண்ணினேன்னு? சித்திக்கு நானே போன் பண்ணினேன். சித்தப்பாகிட்ட குடுக்கச் சொல்லலை, நேரா சித்தியையே கூப்பிட்டேன். 'அம்மாவால அவ்வளவு தூரம் வர முடியாது, நீங்க வாங்க சித்தி'ன்னு கேட்டேன்.  'சரி'ன்னாங்க. இப்போ பஸ் ஏறிட்டாங்களாம். விடியும்போது இங்கே இருப்பாங்க!"

டிரைவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் அவர் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி இறுகியது.

மகன் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டான். அவனும் ஏறி வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான்.

"வேற ஒண்ணும் பேசலைம்மா. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. 'அக்கா நல்லா இருக்காளா?'ன்னு. நல்லா இருக்காங்க சித்தி, நீங்க குடுத்ததுல ராணி மாதிரி இருக்காங்கன்னு சொன்னேன். அந்தப் பக்கம் அழுதுட்டாங்க." அவன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். "சரியாத்தானே சொன்னேன்?"

டிரைவர் டீச்சரைப் பார்த்தார். 

"சரியாத்தான் சொன்னே," என்றாள் டீச்சர், கணவனின் முகத்தைப் பார்க்காமல்.